பசுமைக்குடிலுக்குள் மழை பெய்யாது

வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரில் 26 ஆண்டுகள் இயற்கை வேளாண்மையும் பசுமைக்குடில் தோட்டக்கலையும் கற்பித்து, அவற்றிலேயே ஆய்வும் செய்து ஓய்வு பெற்ற பேராசிரியர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

*

கேள்வி: அம்மா, நான் பி.எஸ்சி. விவசாயம் இறுதியாண்டு படிக்கிறேன். பெங்களூரில் எம்.எஸ்சி. சேர்ந்து இயற்கை வேளாண்மையில் ஆய்வு செய்ய ஆசை. "சாணியும் கோமியமும்தானே, அதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வகுப்பில் உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுப்பீர்கள்?
– மாணவி, சேலம்

உங்கள் வீட்டில் கேட்டதைத்தான் என் அப்பாவும் கேட்டார். பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டவர் அவர். "எரு கொட்டுவதற்கு ஒரு படிப்பா?" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் பெங்களூருக்கு வந்தவர், ஒருநாள் முழுக்க என் மாணவர்களோடு எருக்குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

என் முதல் வகுப்பு எப்போதும் அந்தக் குவியலுக்கு முன்னால்தான் நடக்கும். காய்ந்த இலை, ராகித் தாள், பசுஞ்சாணம், பிடுங்கிப்போட்ட களை எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, பத்து நாள் ஆன குவியல். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, ஐந்து நிமிஷம் கழித்து உருவி, ஒவ்வொருவரையும் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பிடித்த வேகத்தில் விட்டுவிடுவார்கள். உள்ளே 60 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடு இருக்கும். நுண்ணுயிர்கள் தின்று செரிக்கிற சூடு அது. 55 டிகிரிக்கு மேல் சில நாளாவது நின்றால்தான் களை விதைகளும் பல நோய்க்கிருமிகளும் சாகும். கம்பி சுடவில்லை என்றால் தாள் கூடிப் பச்சை குறைந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஈரம் போதவில்லை. அழுகல் நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகமாகிக் காற்று உள்ளே போகவில்லை. முப்பது பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற கணக்கை அதற்கப்புறம்தான் பலகையில் எழுதுவேன். கையில் சூடு பட்டவர்களுக்கு அது மறக்காது.

இரண்டாவது வாரம் ஜீவாமிர்தம் என்ற கரைசல். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இதில் நைட்ரஜன் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்வேன். சாணத்தில் 30, 40 கிராம். கோமியத்தில் 100 கிராம் அளவுக்கு. மாவில் 70 கிராம். எல்லாம் கூட்டினாலும் கால் கிலோவைத் தாண்டாது. ஒரு டன் தக்காளி விளைய ஏறக்குறைய இரண்டரை கிலோ நைட்ரஜன் வேண்டும். ஏக்கருக்கு 10 டன் எடுக்க நினைப்பவருக்கு 25 கிலோ. பதினைந்து நாளைக்கு ஒருமுறை விட்டாலும் பயிர் முடிவதற்குள் இரண்டு கிலோவைத் தொடாது. சரி, மீதி எங்கிருந்து வருகிறது? மண்ணில் ஏற்கெனவே இருக்கிற மக்கிலிருந்து (மக்கிப்போன இலை, வேர், எரு), மண்மேல் பரப்பிய தழை மூடாக்கிலிருந்து, முன்பு போட்ட பயறு வகைப் பயிரின் வேர் பிடித்து வைத்ததிலிருந்து. ஜீவாமிர்தத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரும் அதை நுண்ணுயிர்களைப் பெருக்குகிற கலவை என்றுதான் சொல்கிறார். மக்கே இல்லாத நிலத்தில் அதை மட்டும் ஊற்றிவிட்டு, விளைச்சல் பாதியாகிவிட்டது என்று கண்கலங்கி வந்த விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கால் கிலோக் கணக்கை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்வது எங்கள் வேலை.

அப்புறம் பொறுமை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் ராகியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிற நீண்டகாலப் பரிசோதனை 1986-இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் 1978 முதல் ஒப்பிட்டு வருகிறார்கள். ஜி.கே.வி.கே. பாத்திகளுக்கு மாணவர்களை அழைத்துப்போய், பல வருஷமாக நைட்ரஜன் உரம் மட்டும் போட்ட செம்மண்ணையும் தொழு உரம் சேர்த்த மண்ணையும் இரண்டு கையிலும் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்று அமிலம் ஏறிப் புளித்துப்போய், விரலிடுக்கில் புழுதியாக வழியும். மற்றது உருண்டை பிடிக்கும், லேசாக அழுத்தினால் உதிரும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்: அந்தப் பரிசோதனையில் விளைச்சலில் முன்னால் நிற்பது தொழு உரமும் ரசாயன உரமும் சேர்த்துப் போட்ட பாத்திகள். இயற்கை வேளாண்மை கற்பிக்கிறவள் என்பதற்காக நான் அதைத் திருத்திச் சொல்ல முடியாது. உரமூட்டை வாங்காமல் அந்த இடத்தை எப்படி எட்டுவது என்பதுதான் எங்கள் துறையின் ஆராய்ச்சி.

எம்.எஸ்சி.க்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். கோவையிலேயே நம்மாழ்வார் பெயரில் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அதையும் மனத்தில் வையுங்கள். தலைப்பு எடுக்கும்போது மட்டும் என் பேச்சைக் கேளுங்கள் அம்மா. "இன்ன கரைசலைத் தெளித்ததால் இன்ன பயிரில் ஏற்பட்ட விளைவு" என்று ஒரே பருவத்தில் முடிகிற ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. இரண்டு வருஷத்தில் மண் மாறாது. யாரோ பத்து, பதினைந்து வருஷமாகக் காப்பாற்றி வருகிற பாத்தி எங்கே இருக்கிறது என்று தேடிப் போய், அதில் ஒரு கேள்வி கேளுங்கள்.

*

கேள்வி: நானும் என் மனைவியும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். ஓசூர் தாண்டி தளி சாலையில் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். முழுவதும் பசுமைக்குடில் போட்டு, சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயை இயற்கை முறையில் விளைவித்து பெங்களூரில் விற்கத் திட்டம். வாரக் கடைசியில் நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்வோம். சரிவருமா மேடம்?
– வாசகர், வைட்ஃபீல்ட், பெங்களூரு

குடிலும் சரிவரும், குடைமிளகாயும் சரிவரும். ஒரு ஏக்கரையும் மூடுவதும் வாரக் கடைசியும்தான் சரிவராது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கின்றன. அதனால் மின்விசிறியும் ஈரத் திரையும் வைத்துக் குளிரூட்டுகிற செலவு உங்களுக்கு வேண்டாம். உச்சியில் காற்றுப்போக்கியும் பக்கவாட்டில் பூச்சிவலையும் வைத்த சாதாரணக் குடில் போதும். உச்சியின் திறப்பு, காற்று வீசுகிற திசைக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். எங்கள் முதல் குடிலில் இது மாறிப்போயிருந்தது. ஏப்ரல் மாதக் கோடை மழைக் காற்று ஒரே சாயங்காலத்தில் உள்ளே புகுந்து, 200 மைக்ரான் பிளாஸ்டிக் தாளை ஓரத்திலிருந்து நடுவரை கிழித்துவிட்டது. போட்டுக்கொடுத்த ஒப்பந்ததாரர் அப்புறம் ஃபோனையே எடுக்கவில்லை. ஆகவே குடில் போடுபவரை அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட குடில் எதற்காவது அழைத்துப்போகச் சொல்லுங்கள். புதுக்குடில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

இனி உள்ளே. பசுமைக்குடிலுக்குள் மழை பெய்யாது. இந்த ஒரு வரியை நான் வருஷா வருஷம் பலகையில் எழுதியிருக்கிறேன். வெளியில் ஒரு நல்ல மழை, மண்ணில் சேர்ந்த உப்பைக் கீழே கொண்டுபோய்விடும். குடிலுக்குள் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. சொட்டு நீர் கொஞ்சம் கொஞ்சமாக நனைக்கிறது, செடி தண்ணீரைக் குடிக்கிறது, உப்பு பாத்தியிலேயே தங்குகிறது. ரசாயன உரத்தில் மட்டும்தான் உப்பு என்று நினைக்காதீர்கள். கோழி எருவிலும் இருக்கிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கிறது. பாத்தி மேல் வெள்ளையாகப் பூத்தால் அதுதான். மண்ணின் மின்கடத்தும் திறனை (உப்பு கூடினால் அதுவும் கூடும்) ஒவ்வொரு பயிருக்கும் முன்னால் அளந்து பாருங்கள். ஏறியிருந்தால், அடுத்த பயிருக்கு முன்னால் நல்ல தண்ணீரை நிறைய விட்டு அலசுங்கள்.

எருக் கணக்கு இதைவிடக் கடினம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குடிலில் ஏக்கருக்கு 30 முதல் 40 டன் குடைமிளகாய் எடுக்கலாம், செடி ஒன்பது, பத்து மாதம் நிற்கும். அதற்கு ஏறக்குறைய 100 கிலோ நைட்ரஜன் வேண்டும். மண்புழு உரத்தில் ஒன்றரை சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் ஏழு டன் போதும்போலத் தெரியும். ஆனால் முதல் வருஷம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் செடிக்கு எட்டும். அப்படியானால் 20 டன். ஒரே தடவை 20 டன் போட்டால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உப்பும் அளவு மீறும். இதனால்தான் நாங்கள் பயிர் போடுவதற்கு முந்தின பருவத்தில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதோம். குடிலுக்குள் பசுந்தாள் உரமா, இடத்துக்கு ஆகும் செலவு என்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். மண்ணுக்குப் பட்ட அந்த ஒரு பருவக் கடனைக் கட்டாமல் யாரும் இயற்கை முறையில் குடில் நடத்தி நான் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் குடைமிளகாய் அருமையாக வந்தது. உற்சாகத்தில் மூன்றாவது முறையும் அதே பாத்தியில் அதையே நட்டேன். ஐம்பதாவது நாளில் மதிய வெயிலில் செடிகள் வாட ஆரம்பித்தன, மாலையில் நிமிர்ந்துகொண்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன், பத்து நாள் போயிற்று. ஒரு மாணவி ஒரு செடியைப் பிடுங்கி வந்து, "மேடம், வேரில் முடிச்சு இருக்கிறது, நைட்ரஜன் முடிச்சா?" என்று கேட்டாள். அவரை, துவரை போன்ற பயறு வகையில் வருகிற முடிச்சை நகத்தால் கிள்ளினால் வேரை விட்டுத் தனியாக வந்துவிடும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இது கிள்ள வரவில்லை. வேரே மணி மணியாக வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. அந்தக் குடிலில் இருந்த எல்லாச் செடியிலும். ஒரே பயிரை ஒரே இடத்தில் மூன்று தடவை வைத்து அந்தப் புழுவுக்குச் சோறு போட்டது நான்தான். அந்த வருஷ ஆய்வே வீணாயிற்று, ஒரு மாணவரின் ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

மீண்டது இப்படி: ஏப்ரல், மே வெயிலில் பாத்தியை நனைத்து, மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து, ஆறு வாரம் விட்டோம். பிறகு வேப்பம் பிண்ணாக்கில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தையும், நூற்புழுவின் முட்டையைத் தின்கிற பெர்ப்யூரியோசிலியம் என்ற பூஞ்சாணத்தையும் கலந்து, ஈரத்தில் இரண்டு வாரம் பெருகவிட்டு அடியில் போட்டோம். அடுத்த பயிராகச் செண்டுமல்லி. அதன் வேர் சுரக்கிற பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. முழுவதும் ஒழியவில்லை, ஒழியவும் ஒழியாது. ஆனால் செடி நின்றது. ஆகவே நீங்கள் தொடங்கும் முன்னாலேயே மூன்று பயிர்ச் சுழற்சியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடைமிளகாய்க்கு விலை ஏறுகிற வருஷத்திலும் அந்தத் தாளை மாற்றாதீர்கள்.

செலவு. இன்றைய நிலவரத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஓர் ஏக்கர் 4,000 சதுர மீட்டர், அப்படியானால் 40 லட்சம். அரசு மானியம் செலவில் பாதியை ஏற்கும் திட்டம் இருக்கிறது. எத்தனை சதுர மீட்டர் வரை என்பது மாறுவதால் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். என் யோசனை, முதலில் கால் ஏக்கர். மீதியில் திறந்தவெளியில் ராகி, அவரை, கீரை. குடிலுக்கு வேண்டிய தாளும் பசுந்தழையும் அங்கிருந்தே வரும். இயற்கைச் சான்றுக்கு, பருவப் பயிர்களுக்கு இரண்டு வருஷ மாற்றுக்காலம் உண்டு. அந்த இரண்டு வருஷம் செலவு இயற்கை விவசாயியுடையது, விலை மற்றவர்களுடையது. கையில் பணம் வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

வாரக் கடைசியைப் பற்றி. செஞ்சிலந்தி இலைக்கு அடியில் தொடங்கும். சூடான நாட்களில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். சனிக்கிழமை நாலு இலையில் இருந்தது, அடுத்த சனிக்கிழமை வரிசை முழுக்க நூலாம்படை கட்டியிருக்கும். தினமும் காலையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இலையைத் திருப்பிப் பார்க்கிற ஓர் ஆள் அங்கேயே தங்க வேண்டும். அவருக்கு நல்ல சம்பளமும் விளைச்சலில் பங்கும் கொடுங்கள். உங்கள் சாலையிலேயே, தளியில், இந்திய–இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த கொய்மலர் மையம் இருக்கிறது. நிலத்தில் ஒரு கம்பி நடும் முன்னால் அங்கே இரண்டு நாள் நின்று பாருங்கள்.

*

கேள்வி: மண்ணே இல்லாமல் தண்ணீரில் வளர்க்கும் கீரையை 'ஆர்கானிக்' என்று விற்கலாமா?
– வாசகர், ஓசூர்

ஐரோப்பிய ஒன்றியத்தில் முடியாது. அங்கே செடி நிலத்து மண்ணில் நிற்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் சான்று தருகிறார்கள், அதற்கு அங்கேயே பெரிய எதிர்ப்பும் வழக்கும் நடந்தது. என் மனசு ஐரோப்பியர் பக்கம். தண்ணீரில் வளர்த்த கீரை சுத்தமான கீரையாக இருக்கலாம், நானும் வாங்கிச் சாப்பிடுவேன். மண்ணை வளர்க்காத ஒன்றுக்கு அந்தப் பெயர் எதற்கு?

*

கேள்வி: மாடியில் 12 தொட்டி வைத்திருக்கிறேன். மிளகாய்ச் செடி இலை எல்லாம் சுருண்டு போகிறது. வேப்பெண்ணெய் அடித்தும் சரியாகவில்லை. இன்னொன்று, கடையில் 'இயற்கை' என்று எழுதி இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்களே, எதை நம்புவது?
– இல்லத்தரசி, அல்சூர், பெங்களூரு

இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே அம்மா, அதிலேதான் விடை இருக்கிறது. ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த படகு மாதிரி மடங்கி, காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. இலை சிறுத்து, கொத்துக் கொத்தாகி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. மூன்றாவது என்றால் யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள், மருந்து கிடையாது, பக்கத்துத் தொட்டிக்கும் போகும்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் சரி: லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய. பலர் மேலே மட்டும் தெளிக்கிறார்கள். மஞ்சள் சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். இயற்கை வேளாண்மை விதிகளில் கந்தகத்துக்கு இடம் உண்டு. ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், வெயில் கொளுத்துகிற நாளிலும் வேண்டாம். இலை கருகிவிடும்.

கடைப் பொருளுக்கு வருகிறேன். பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' போன்ற அரசின் இயற்கைச் சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதன் பின்னால் இரண்டு வழி உண்டு. ஒன்று என்.பி.ஓ.பி., வெளியிலிருந்து சான்று நிறுவனம் வந்து சோதிப்பது, ஏற்றுமதிக்கும் இதுதான். இன்னொன்று பி.ஜி.எஸ்., குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துப் பொறுப்பேற்பது. 'இயற்கை', 'நாட்டு', 'பண்ணையிலிருந்து நேராக' என்பதெல்லாம் இந்த முத்திரைக்கு ஈடாகாது. பூச்சி அரித்திருந்தால் மருந்தடிக்காதது என்பதும் தப்பு. மருந்தடித்த தோட்டத்திலும் பூச்சி அரிக்கும். நேராக விவசாயியிடம் வாங்குகிறீர்கள் என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன பருவம் இந்த நிலத்தில் என்ன போட்டீர்கள்?" உண்மையில் செய்கிறவர் நிற்காமல் பேசுவார்.

*

கேள்வி: யூரியாவையும் பூச்சிமருந்தையும் கிராமம் கிராமமாகக் கொண்டுவந்தது உங்கள் பல்கலைக்கழகங்கள்தானே? இப்போது நீங்களே இயற்கை வேளாண்மை பாடம் நடத்துவது எப்படி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. கொண்டுவந்தது நாங்கள்தான். 1960களில் கப்பலில் கோதுமை வந்தால்தான் சோறு என்ற நிலை. அன்றைக்கு அந்த முடிவை எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பசி தணிந்த பிறகும், மண் அறுபதுகளின் மண்ணாகவே இருப்பதுபோல அதே பரிந்துரையை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது எங்கள் தவறு. நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969-இலேயே விட்டு வெளியே வந்தவர். மானாவாரி விவசாயியின் கைக்கு எட்டாத ஆராய்ச்சியை எதற்குச் செய்கிறோம் என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழ முப்பது வருஷம் ஆயிற்று. கர்நாடகம் 2004-இல் இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது, தமிழ்நாடு 2023-இல்.

நான் பாடமாகக் கற்றதைவிட அதிகமாக, தொட்டபள்ளாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த இயற்கை விவசாயி நாராயண ரெட்டி அவர்களின் தோட்டத்தில் கற்றேன். 2019-இல் காலமானார். அங்கே மண்வெட்டி போடாமல் கையாலேயே மண்ணைத் தோண்ட முடிந்தது. அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் "இதை அளக்க என்ன கருவி மேடம்?" என்று கேட்டார். அப்படிக் கேட்கிற பிள்ளைகளுக்காகத்தான் பல்கலைக்கழகம் வேண்டும் என்கிறேன்.

*

கேள்வி: மரவள்ளியில் மாவுப்பூச்சி. குருத்தெல்லாம் முடங்கிவிட்டது. கடைக்காரர் கொடுத்த மருந்தை மூன்று தடவை அடித்தேன், கூடத்தான் செய்கிறது. இயற்கை முறையில் வழி உண்டா?
– விவசாயி, பாப்பிரெட்டிப்பட்டி

உண்டு, அந்த வழி பெங்களூரிலிருந்துதான் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, அதன் உடம்பின் மேலிருக்கிற மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. 2010-இல் பெங்களூர் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் அதன் இயற்கை எதிரிகளான மூன்று வகைக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெருக்கி, தமிழ்நாட்டில் விட்டது. ஒரு வருஷத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கியது.

இப்போது உங்கள் வயலில் இருப்பது அநேகமாக வேறு இனம், 2020-இல் திருச்சூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவில் பிறந்தது, ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் மரவள்ளியையே அழிக்கப் பார்த்தது. அங்கே அதை அடக்கிய அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை அதே ஹெப்பாள் நிறுவனம் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலிருந்து விடத் தொடங்கியது. எள்ளளவுதான் இருக்கும். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று, அதைப் பழுப்பு நிற மம்மியாக்கிவிட்டு ஓட்டை போட்டு வெளியே வரும்.

நீங்கள் மூன்று தடவை அடித்த மருந்து மாவுப்பூச்சியை விட்டுவிட்டுக் குளவியைக் கொன்றிருக்கும். கூடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இன்றோடு மருந்தை நிறுத்துங்கள். முடங்கிய குருத்துகளைக் கிள்ளி, பழுப்பு மம்மி ஒட்டியிருந்தால் எரிக்காமல் வலை போட்ட வாளியில் வைத்து வயலிலேயே விடுங்கள். குளவி வலை வழியாகப் போய்விடும், மாவுப்பூச்சி தங்கிவிடும். நடும் கரணையை (தண்டுத் துண்டை) பூச்சியில்லாத வயலிலிருந்து எடுங்கள். ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் குளவி கிடைக்குமா என்று கேளுங்கள்.

*

கேள்வி: தமிழராக இருந்து கர்நாடகத்தில் இத்தனை வருஷம் விவசாயப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். மொழி இடிக்கவில்லையா?
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

வகுப்பில் ஆங்கிலம். வயலில் கன்னடம். எனக்குக் கன்னடம் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வயல் வேலைக்கு வந்த ஓர் அக்கா, தேவனஹள்ளிப் பக்கத்துக்காரர். முதல் வாரம் நான் எருவைக் காட்டி என்ன என்று கேட்டதும் "கொட்டிகெ கொப்பர" என்றார். கொட்டிகெ என்றால் மாட்டுக்கொட்டில். எனக்கு அங்கேயே சிலிர்த்துவிட்டது. நாம் தொழு உரம் என்கிறோமே, தொழு என்பதும் மாடு கட்டுகிற இடம்தான். இரண்டு மொழியும் எருவுக்கு மாட்டின் வீட்டையே பெயராக வைத்திருக்கின்றன. அன்றைக்கு நான் அவருக்குத் 'தொழுவம்' என்ற சொல்லைச் சொன்னேன். அவர் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கூடையைத் தலையில் தூக்கிவைக்கச் சொன்னார். தூக்கிவைத்தேன். வரப்பில் அவருக்குப் பின்னாலேயே நானும் ஒரு கூடையோடு நடந்தேன்.